சீமெந்துத் தோடு

சந்தியில் நிற்கிற சிலையைப் பற்றி ஊரில் பல கதைகள் ஓடுகின்றன. அவற்றில் நான் ஏணியில் தொங்கின கதைக்குத்தான் மவுசு அதிகம். தேத்தண்ணிக் கடையில் அதை நடித்துக் காட்டுகிற ஓட்டோக்காரர் ஒருவர் இருக்கிறார். என் கால் நடுக்கத்தை என்னைவிட நன்றாகச் செய்கிறார். நடுங்கினது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் நான் ஏன் ஏறினேன் என்பதை அவர் ஒருநாளும் நடிப்பதில்லை. அதற்கு யாரும் சிரிக்கமாட்டார்கள். ஆகவே அந்தப் பங்கை நான் எழுதுகிறேன்.

தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபர் மாத முடிவில், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகும்படி, அப்போது ஊரை ஆண்ட ஆயுதம் தாங்கிய தமிழ் இயக்கம் சொன்னது. நாங்கள் பேசியதும் தமிழ், அயலவர் பேசியதும் தமிழ். தொழுகிற திசைதான் வேறு. அது போதுமாக இருந்தது. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் மீசை முளைத்து, அங்கேயே கல்யாணம் கட்டி, போர் முடிந்த பிறகு மனைவி பிள்ளைகளுடன் திரும்பி வந்து, சந்திக்கு அருகில் ஒரு இரும்புச் சாமான் கடை போட்டேன். பூட்டு, பிணைச்சல், ஆணி, உளி, சுத்தியல் எல்லாம் விற்பேன். எதையும் பாவிக்கத் தெரியாது.

எங்களைத் துரத்தியதை நினைவுகூர்ந்து சந்தியில் ஒரு சிலை வைக்க வேண்டும் என்று ஊரின் தமிழ்ப் பெரியவர்கள் சிலர் குழு சேர்ந்தார்கள். தலைவர் ஓய்வுபெற்ற அதிபர். நல்ல மனிதர். பின்னால் அவரை ஏசப் போகிறேன், அதனால் இதை முதலில் சொல்லி வைக்கிறேன். குழுவில் எங்கள் ஆள் ஒருவர் இருந்தால்தான் பார்வைக்குச் சரி. பள்ளிவாசலில் கேட்டார்கள். உருவம் எங்கள் மார்க்கத்துக்கு ஆகாது, முன்னால் வந்து நிற்கமாட்டோம், ஆனால் மறிக்கவும் மாட்டோம், திறப்பு விழா அன்று எதிர்ப்பக்கத் தேத்தண்ணிக் கடையில் இருப்போம் என்று பதில் வந்தது. பிறகு தலைவர் என் கடைக்குப் பூட்டு வாங்க வந்தார். போகும்போது என்னையும் வாங்கிக்கொண்டு போனார்.

எனக்குப் பயம் வந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். பகிடி விடுவேன், அல்லது எதற்கும் ஓம், சரி என்று விடுவேன். எங்கள் கல்யாணமே இந்த இரண்டாவது வியாதியால்தான் நடந்தது என்று மனைவி சொல்லுவாள். முதலாவது வியாதியால்தான் நீடிக்கிறது என்று நான் சொல்லுவேன்.

உருவம் செய்தவர் இணுவில்காரர். பரம்பரையாகக் கோயில் கோபுர வேலை. அவருடைய பட்டறைக்குக் களிமண் மாதிரியைப் பார்க்கக் குழு முழுவதும் போனோம். நாலு பேர் நடந்து போகிறார்கள். மூட்டையோடு ஒரு வாப்பா, ஒரு உம்மா, பதினாறு பதினேழு வயதில் ஒரு பெண், அவள் கையைப் பிடித்தபடி ஒரு பெடியன். முகங்கள் அச்சொட்டாக இருந்தன. அந்த வாப்பாவின் களைத்த கழுத்து எங்கள் வாப்பாவுடையதாகவே இருந்தது. பிறகு பெண்ணின் காதைப் பார்த்தேன். முக்காட்டைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, இரண்டு பக்கமும் இரண்டு தோடு. ஒவ்வொன்றும் ஒரு தேசிக்காய், முழு எலுமிச்சை அளவு. முத்து, தொங்கல், பூவேலை எல்லாம் வைத்து, கோபுரத்தில் நிற்கிற அம்மனுக்குப் போடவேண்டிய சாமான்.



"எப்பிடி நானா, உங்கடை ஆக்கள் மாதிரியே இருக்கோ?" என்று தலைவர் கேட்டார். எங்கள் ஆண்களை ஊரில் நானா, அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஓம் சேர். சரியான வடிவு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "தோடு விசேஷம்" என்றும் சொன்னேன்.

அந்தத் தோட்டில் எனக்கு என்ன என்று கேட்பீர்கள்.

என் ராத்தாவுக்கு, என் அக்காவுக்கு, அந்த ஒக்டோபரில் பதினேழு வயது. நாங்கள் ஊரை விட்டு வெளியே நடந்த வழியில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். பணம், நகை எல்லாவற்றையும் அந்த மேசையில் வைத்துவிட்டுத்தான் அப்பால் போகலாம். உம்மா கழட்டி வைத்தார். ராத்தாவின் வலது காதுத் தோடு கழன்று வந்தது. இடது காதில் தோட்டின் திருகுச் சுரை இறுகிக் கிடந்தது. அவள் திருகினாள், உம்மா திருகினார், வரவில்லை. மேசைக்குப் பின்னால் நின்றவன் என்னைவிட நாலைந்து வயதுதான் மூப்பு. தோளில் துவக்கு. அவன் பொறுமை இழப்பதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பயம் வந்தது. பயம் வந்தால் எனக்கு என்ன வரும் என்று சொன்னேனே.

"அண்ணை, அது எங்கடை வாப்பா திருகினது. லொறி நட்டு மாதிரி. ஸ்பனர் வேணும்" என்றேன்.

அவன் சிரித்தான். சிரித்தபடியே எட்டிப் பிடித்து இழுத்தான்.

ராத்தா கத்தவில்லை. முக்காட்டை இழுத்துக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அந்தக் காது இரண்டு துண்டாக ஆறியது. அவள் பிறகு தோடு போட்டதே இல்லை. கல்யாணத்தன்றும் இல்லை. அவளுடைய மகள்மாருக்குக் காது குத்தியபோது அயல் வீட்டில் போய் இருந்தாள். இதை வீட்டில் யாரும் கதைப்பதில்லை. என் மனைவிக்குக்கூட நான் சொல்லவில்லை. காதைப் பற்றிச் சொன்னால் பகிடியைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

சிலை சீமெந்தில் முடிந்து, சந்தியில் பீடம் கட்டி ஏற்றி, நீலப் படங்கால் மூடிக் கட்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை திறப்பு. அதற்கு முந்தின திங்கட்கிழமை ராத்தா புத்தளத்திலிருந்து போன் எடுத்தாள்.

"தம்பி, உங்கடை சேர் கதைச்சவர். பாதிக்கப்பட்ட ஒராள்தான் துணியை இழுக்கோணுமாம். நான் வாறன் எண்டு சொல்லிப் போட்டன்."

அவளுடைய நம்பரைத் தலைவருக்குக் கொடுத்தது நான்தான். அவர் கேட்டார், ஓம் என்று விட்டேன்.

"சிலை எப்பிடியடா?"

"வடிவு ராத்தா."

"எங்களை மாதிரியோ?"

"ஓம் ராத்தா."

போனை வைத்துவிட்டு நேரே கக்கூசுக்குப் போனேன். முப்பத்தைந்து வருசமாகக் காதை மூடிக்கொண்டு திரிகிற ஒருத்தியை, ஊர் பார்த்திருக்க, தன் கையால் துணியை இழுத்து அந்தத் தேசிக்காய்த் தோடுகளைப் பார்க்க வைக்கப் போகிறேன். விழாவுக்கு ஆறு நாள் இருந்தது.

அடுத்த நாள் தலைவர் வீட்டுக்குப் போனேன். கதிரை தந்தார். இருக்கவில்லை. இருந்தால் தேத்தண்ணி வரும், தேத்தண்ணி வந்தால் நான் ஓம் சொல்லிவிடுவேன்.

"சேர், அந்தத் தோட்டைக் கழட்டோணும்."

"ஏன்? தோடு விசேஷம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"அண்டைக்குப் பயத்திலை சொன்னனான்."

"தோட்டைக் கண்டு என்ன பயம்?"

"சேர், போகேக்கை எங்கடை ஆக்களின்ரை காதிலை தோடு இருக்கேல்லை. மேசையிலை கழட்டி வைச்சிட்டுத்தான் போனவை. உங்களுக்குத் தெரியும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியும் நானா. அது ஒரு கெட்ட காலம். அதுக்காக உங்கடை பொம்பிளையளைக் காதும் கழுத்தும் வெறுமையா, பிச்சைக்காரர் மாதிரிச் சந்தியிலை நிப்பாட்டேலுமோ? பேந்து உங்கடை ஆக்கள்தான் எங்களைப் பேசுவினம். நாங்கள் கண்ணியமாக் காட்டுறம்."

கண்ணியம்! அந்தச் சொல்லை வாயில் போட்டு மென்றபடி சைக்கிள் உழக்கினேன். காதில் கிடந்ததைப் பிடுங்கி அனுப்பிவிட்டு, பிடுங்கப்பட்டவள் கிழவியாகப் போகிற வயதில் சீமெந்தில் செய்து திருப்பிக் கொடுப்பதற்குப் பெயர் கண்ணியமாம். தலைவர் பிடுங்கவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் பிடுங்கியது தெரிந்திருந்தும், பார்க்க நன்றாயில்லை என்பதற்காக மூடிவிடுகிறார். நாளைக்கு அந்தச் சந்தியால் போகிற பிள்ளை என்ன நினைக்கும்? நகை நட்டோடு ஒரு குடும்பம், கல்யாண வீட்டுக்குப் போக லொறி பார்த்து நிற்கிறது என்றுதான் நினைக்கும். தோடு போட்டுக்கொண்டு போனவர்கள் தாமாகவே போனவர்கள். சிலை அப்படித்தான் சொல்கிறது. அதற்கு நாங்கள் கை தட்ட வேண்டும், ஒரு நன்றியுரையும் வேண்டும். நன்றியுரை என்னுடையது. நிகழ்ச்சி நிரலில் அச்சடித்தாயிற்று.

இந்த அழகான பேச்சு முழுவதையும் நான் சைக்கிளில்தான் பேசினேன். தலைவருக்கு முன்னால் சொன்னது, "சரி சேர், அப்ப வாறன்."

புதன்கிழமை சிற்பிக்குப் போன் எடுத்தேன்.

"நானா, நாப்பது வருசமா உருவம் செய்யிறன். மூளிக்காதோடை ஒரு பொம்பிளையை நான் பட்டறையாலை வெளியிலை விட்டதில்லை. காது வெறுமையா விட்டா அது முடியாத வேலை. உருவத்துக்கும் கூடாது, செய்தவனுக்கும் கூடாது" என்றார்.

"அண்ணை, இது சாமி இல்லை."

"பொம்பிளைதானே?"

நாற்பது வருசம் அம்மன்களுக்கே தோடு போட்ட கை, ஒரு அகதிப் பெண்ணை மட்டும் எப்படிச் சும்மா விடும்? அவர் எங்களை அவமதிக்கவில்லை. தன்னிடம் இருந்த மிகப் பெரிய மரியாதையை அவளுடைய காதில் போட்டிருக்கிறார். கோபப்படவும் முடியாமல் போனது எனக்கு இன்னும் கோபமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த கையோடு கடையிலிருந்து ஏணி, உளி, சுத்தியல் மூன்றையும் எடுத்துக்கொண்டு சந்திக்குப் போனேன். பட்டப்பகல். ஒளித்துச் செய்ய எனக்குத் துணிவு போதாது. வேலைக்காரன் மாதிரி நடந்து போனால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பது என் திட்டம். படங்கின் கீழ்ப்பக்கத்தை உயர்த்தி, ஏணியை உள்ளே சாத்தி, ஏறினேன். தலையும் உடம்பும் படங்குக்குள். கால் இரண்டும் வெளியே.

"டேய், சிலைக்குக் கால் கூடிப் போச்சு!" என்று ஓட்டோத் தரிப்பிடத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

முதல் அடி என் பெருவிரலில் விழுந்தது. இரண்டாவது அடி தோட்டின் தொங்கலில் ஒரு துண்டைப் பெயர்த்தது. அந்தத் துண்டு கீழே விழுகிற சத்தம் கேட்டதோ இல்லையோ, என் கால்கள் இரண்டும் என்னை விட்டுப் போய்விட்டன. சுத்தியலைக் கீழே விட்டுவிட்டு, ஒரு கையால் உளியையும் மற்றக் கையால் அந்தப் பெண்ணின் கழுத்தையும் பிடித்துக்கொண்டு நின்றேன். உடம்பு முழுவதும் வேர்வை. இறங்க நினைத்தேன், ஏணி ஆடியது. ஏற நினைத்தேன், அதற்கு மேல் ஏணி இல்லை.

"நானா, இறங்குங்கோ!"

"ஏலாது!"

"ஏன்?"

"கால் சொல்லுக் கேக்குதில்லை!"

கீழே சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவே ஒரு பழக்கப்பட்ட குரல். பீடத்துக்குக் கடைசிப் பூச்சுப் பூச வந்திருந்த சிற்பி.

"ஆர் உது, என்ரை பிள்ளையின்ரை காதிலை உளி வைக்கிறது?"

"நான்தான் அண்ணை."

"இறங்கும் கீழை!"

"அதுதான் அண்ணை பிரச்சினையே."

அவர் என்னை இறக்கவில்லை. எழுபதை நெருங்குகிற மனிதர், மற்றப் பக்கத்தால் பீடத்தில் கால் வைத்துப் படங்குக்குள் ஏறி வந்துவிட்டார். நீல வெளிச்சம். புழுக்கம். நாலு சீமெந்து மனிதர்களுக்கு நடுவே நாங்கள் இரண்டு பேர், மூக்கோடு மூக்கு. அவர் கை ஓங்கினது எனக்கு நன்றாக ஞாபகம். அடிக்குமுன் சொல்லிவிட வேண்டும் என்று சொன்னேன். மேசையைச் சொன்னேன். சுரையைச் சொன்னேன். ஸ்பனர் பகிடியையும் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவருக்கு முழுவதையும் சொன்னது அப்படித்தான், ஒரு சிலையின் கழுத்தைக் கட்டிப்பிடித்தபடி.

ஓங்கிய கையை இறக்கினார். பிறகு என் கையிலிருந்த உளியை வாங்கிப் பார்த்தார்.

"உது கதவுக்கு அடிக்கிற உளி" என்று கீழே போட்டார். இடுப்புப் பையிலிருந்து தன்னுடைய மெல்லிய உளியை எடுத்தார். "அக்காவுக்கு எந்தக் காது?"

"இடது, அண்ணை."

இரண்டு காதிலும் அவரே கழட்டினார். கழட்டினார் என்றுதான் சொல்ல வேண்டும், உடைத்தார் என்று சொல்ல வராது. முத்து முத்தாக, தொங்கல் தொங்கலாக எடுத்தார். முடிவில் வெறும் காதுச் சோணை தெரிந்தது. நான் சரி என்றேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு ஊசி மாதிரி ஒரு கம்பியை எடுத்து, இரண்டு சோணையிலும் துளை போட்டார்.

"வழுவழுப்பா விட்டா ஒருக்காலும் தோடு போடாத காதெண்டு ஆகிப்போம். போட்ட காது எண்டு தெரியோணும்" என்றார். பிறகு இடது சோணையில் பெருவிரலை வைத்தபடி, "இதை நான் கிழிச்சுக் காட்டமாட்டன். அது உம்மடை அக்காவின்ரை" என்றார்.

அதன் பிறகு அவர் முதலில் இறங்கி, என் கணுக்காலைப் பிடித்து, "இப்ப வலது. இப்ப இடது" என்று ஒவ்வொரு படியாக என்னை இறக்கினார். ஓட்டோக்காரர் நடிப்பது இந்த இடத்தைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சந்தி நிறையச் சனம். பள்ளிவாசல் பெரியவர்கள் சொன்னபடியே தேத்தண்ணிக் கடையில் வாங்குகளைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டு இருந்தார்கள். ராத்தா கறுப்பு அபாயாவில், முக்காட்டை இறுகக் கட்டியபடி வந்தாள். மைக்குக்குப் பக்கத்தில் நின்று கயிற்றை இழுத்தாள். துணி விழுந்தது. கைதட்டல்.

அவள் முதலில் பெடியனைப் பார்த்தாள். "உவன் ஆர், நீயோ?" என்று மெல்லக் கேட்டாள். "வாயை மூடிக்கொண்டு நிக்கிறான். அப்ப நீயில்லை."

அந்த ஸ்பனர் பகிடி அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் அவள் அதோடு விட்டுவிட்டுப் பெண்ணின் காதைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். அந்தத் துளையைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

தலைவரும் அப்போதுதான் பார்த்தார். முகம் கறுத்தது. மைக் திறந்து கிடப்பதை மறந்து என் பக்கம் குனிந்தார்.

"நானா, தோடு எங்கை?"

"கழட்டிப் போட்டாங்கள் சேர்."

"ஆர் கழட்டினது?"

அது சந்தி முழுவதும் கேட்டது. ராத்தா திரும்பினாள்.

"அதைத்தான் சேர் நானும் பாக்கிறன்" என்றாள். "நாங்கள் நாலு பேரும் வடிவா நிக்கிறம். கழட்டினவனைக் காணேல்லை. மேசையைக் காணேல்லை. படலையிலை நிண்டு பாத்தவையையும் காணேல்லை. ஒராள் ஓடி வந்து தண்ணிப் போத்தல் தந்தவ, அவவையும் காணேல்லை. பாக்கிற ஆக்களுக்கு நாங்கள் எங்கடை பாட்டிலை நடந்து போன மாதிரியெல்லோ இருக்கு?"

ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"தங்கச்சி," தலைவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார், "உங்கடை துக்கம் விளங்குது. ஆனா எல்லாத்தையும் ஒரு சிலையிலை கொண்டுவரேலாது. பீடத்திலை இடமும் காணாது."

எனக்குப் பயம் வந்தது. வாய் திறந்தது. பகிடி வருமா, ஓம் வருமா என்று நானே காத்திருந்தேன்.

"இடம் இருக்குச் சேர்" என்றேன். "இடப்பக்கம் மூண்டடி சும்மா கிடக்கு. பீடம் கட்டேக்கை நான்தான் அளவெடுத்துக் குடுத்தனான்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சொன்னால் பகிடியாகத்தான் இருக்கும் என்று ஊருக்குப் பழக்கம். தலைவரும் சிரித்து, என் முதுகில் தட்டி, என் நன்றியுரையையும் விட்டுவிட்டு நிகழ்ச்சியை முடித்துவிட்டார். சிரிக்காதவர்கள் ராத்தாவும் சிற்பியும்தான். நான் பகிடி விடவில்லை. மூன்றடி என்பது மூன்றடி. ஒரு மேசையும் ஒரு ஆளும் தாராளமாக நிற்கலாம்.

அடுத்த கிழமை அந்த மூன்றடியில் ஒரு குரோட்டன் சாடி வந்து நின்றது. அழகுக்காம். நான் கடை திறக்கப் போகிற வழியில் அதைத் தூக்கிக் கீழே, மதகோடு வைத்துவிட்டுப் போனேன். மத்தியானத்துக்குள் யாரோ திருப்பி ஏற்றிவிட்டார்கள். அடுத்த நாளும் அப்படியே. இப்படி ஒரு மாதம் போனது. பிறகு தலைவர் கடைக்கு வந்து, ஒரு பூட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி கேட்டார்.

"நானா, அந்தச் சாடியை ஆர் இறக்கிறது?"

"நான்தான் சேர்."

"ஏன்?"

"அது ஆக்கள் நிக்கிற இடம்."

அவர் பூட்டை வைத்துவிட்டுப் போனார். அடுத்த நாள் காலையில் பார்த்தேன், பீடத்தில் இரண்டு சாடி நின்றது.

இரண்டையும் இறக்கினேன்.